கண் எங்கே வர வேண்டும் என்று கருவுக்கு யார் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: "உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது, சில மரபணுக்கள் திறந்தும் சில மூடியும் இருப்பதால்தான் ஒரு செல் கண்ணாகவும் இன்னொன்று குடலாகவும் ஆகிறது என்று படித்தேன். கண்ணை உண்டாக்க பாக்ஸ்6 என்று ஒரு மரபணு இருக்கிறதாம். சரி, அந்த பாக்ஸ்6-ஐத் திறப்பது யார்? இன்னொரு மரபணு என்றால், அதைத் திறப்பது யார்?" கூடவே, "முட்டாள்தனமான கேள்வி என்றால் மன்னிக்கவும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க ஒன்றுமில்லை. கருவியலில் நூறு வருடத்துக்கு மேலாகப் பலர் வாழ்நாளைச் செலவழித்த கேள்வி இது.

உங்கள் கேள்வியை ஒவ்வொரு படியாகப் பின்னால் கொண்டுபோனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் கருவுற்ற ஒற்றை முட்டை. அதற்கு அக்கம்பக்கம் என்று வேறு செல் கிடையாது. எல்லா மரபணுவும் உள்ளே இருக்கிறது, திறந்துவிடத்தான் ஆள் இல்லை. அப்படியானால் முதல் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், மீனிலும் தவளையிலும் முதல் வித்தியாசத்தை உண்டாக்குவது கருவின் சொந்த மரபணு எதுவுமே இல்லை. அம்மா முட்டைக்குள் வைத்துவிட்டுப் போன பொருள்களும், அவை முட்டையின் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதும்தான். கருவின் மரபணுக்கள் பிறகு வந்து அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்குகின்றன. நம்மைப் போன்ற பாலூட்டிகளில் கதை கொஞ்சம் வேறு, அதையும் சொல்கிறேன். நான் பதினைந்து வருடமாக ஜீப்ரா மீன் கருக்களோடு வேலை செய்கிறேன். தவளை, எலி, மனிதக் கரு பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அடித்தளத்தைச் சரிபார்த்துவிடலாம். எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்பது உண்மையா? ஒரு காலத்தில், வளர வளரச் செல்கள் தமக்கு வேண்டாத மரபணுக்களைத் தொலைத்துவிடுகின்றன என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஜான் கர்டன் ஆப்பிரிக்க நகத் தவளையின் தலைப்பிரட்டைக் குடலிலிருந்து ஒரு செல்லின் உட்கருவை எடுத்து, சொந்த உட்கருவைச் செயலிழக்கச் செய்த முட்டைக்குள் வைத்தார். பெரும்பாலானவை பாதியில் செத்தன. ஆனால் சில நீந்தும் தலைப்பிரட்டைகளாயின. 1962-ல் இதை வெளியிட்டார். பின்னால் இதே வழியில் இனப்பெருக்கம் செய்யக்கூடிய முழுத் தவளைகளே வளர்ந்தன. குடல் செல்லின் உட்கருவில் கண்ணுக்கான மரபணுவும் மூளைக்கான மரபணுவும் அப்படியே பத்திரமாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதற்கு ஐம்பது வருடம் கழித்து, 2012-ல், அவருக்கு நோபல் பரிசு வந்தது. விதிவிலக்குகள் உண்டு: நோய் எதிர்ப்புச் செல்கள் சில தங்கள் டிஎன்ஏவை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன, நம் சிவப்பணுக்கள் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. கருவின் ஆரம்ப நாட்களுக்கு இந்த விதிவிலக்குகள் பொருந்தாது. ஆக, நீங்கள் படித்தது சரி. புத்தகம் ஒன்றுதான், எந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

இப்போது மீனுக்கு வருகிறேன். முந்தைய நாள் சாயங்காலம் ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் நடுவில் தடுப்பு வைத்து விட்டுவிடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முட்டை கீழே விழ ஆரம்பிக்கும். அவற்றை டீ வடிகட்டியில் அள்ளிக் கழுவி, கண்ணாடித் தட்டில் போட்டு 28.5 டிகிரியில் வைப்போம். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது, கண்ணாடி போலத் தெளிவானது. நுண்ணோக்கியில் பார்த்தால் மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்னக் குமிழ் உட்கார்ந்திருக்கும், அதுதான் முதல் செல். முக்கால் மணி நேரத்தில் அது இரண்டாகும். பிறகு சுமார் கால் மணிக்கு ஒரு தரம் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிரியும். நாலு, எட்டு, பதினாறு என்று கண் முன்னாலேயே போகும். மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் செல்.

அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதிக்குக் கருவின் சொந்த மரபணுக்கள் கிட்டத்தட்ட மௌனமாக இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு தட்டு எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் உள்ள முட்டைகளுக்கு ஒற்றைச் செல் நிலையிலேயே மெல்லிய கண்ணாடி ஊசியால் ஆல்ஃபா அமானிட்டின் என்ற காளான் நஞ்சைக் கொஞ்சம் செலுத்துவோம். மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படி எடுக்கும் நொதியை அது முடக்கிவிடும். அதாவது, எந்த மரபணுவையும் திறக்க முடியாது. இன்னொரு தட்டைச் சும்மா விட்டுவிடுவோம். முதல் மூன்று மணி நேரம் இரண்டு தட்டையும் மாற்றி வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. இரண்டும் ஒன்றுபோலப் பிரிந்துகொண்டே போகும். நாலு மணி நேரம் தாண்டும்போதுதான் வேறுபாடு தெரியும். சும்மா விட்ட கருவில் செல் திரள் மஞ்சள் கருவின் மேல் போர்வை போலக் கீழே இறங்கத் தொடங்கும். நஞ்சு செலுத்திய கரு உருண்டையாக அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காது. பல தடவை பார்த்தாகிவிட்டது, இன்னும் அந்த நாலாவது மணி நேரத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

அப்படியானால் முதல் மூன்று மணி நேரம் எதைக் கொண்டு ஓடியது? முட்டை அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் மரபணுக்களிலிருந்து எடுத்த ஆர்என்ஏ படிகளும் புரதங்களும் அதற்குள் நிரப்பப்பட்டுவிடுகின்றன. பிரயாணத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறு மாதிரி. "கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு" என்று நம் ஊரில் கேட்பார்கள் இல்லையா, மீனுக்கு அது மூன்று மணி நேரம். அதற்குள் கரு தன் அடுப்பைப் பற்றவைத்துவிட வேண்டும். பற்றவைப்பதும் அம்மா கொடுத்ததை வைத்துத்தான்: நானாக், பௌ5எஃப்3, சாக்ஸ்19பி என்ற மூன்று புரதங்கள் அம்மாவின் ஆர்என்ஏவிலிருந்து உருவாகி, கருவின் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறக்கின்றன என்று 2013-ல் தெரியவந்தது. முதலில் திறக்கும் மரபணுக்களில் ஒன்றிலிருந்து வரும் எம்ஐஆர்-430 என்ற குட்டி ஆர்என்ஏவின் வேலை, அம்மாவின் பழைய ஆர்என்ஏக்களைத் தேடிப் பிடித்து அழிப்பது. கரு தன் காலில் நிற்கத் தொடங்கியதும் முதல் காரியமாகப் பழைய மூட்டையைக் காலி செய்கிறது.

இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. தவளையில் இந்த மாற்றம் சுமார் 4,000 செல் ஆனபின், எலியில் இரண்டு செல் நிலையில், மனிதரில் நாலிலிருந்து எட்டு செல் நிலையில் நடக்கிறது என்பதும் உறுதி. அந்த நேரத்தைக் கரு எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது, முட்டையின் அளவோ கூடுவதில்லை. அம்மா கொடுத்த ஏதோ ஒரு தடுப்புப் பொருள் அத்தனை டிஎன்ஏவுக்கும் பங்கு போதாமல் தீர்ந்துபோகும்போது மரபணுக்கள் திறக்கின்றன என்ற கருத்துக்குத் தவளையில் 1982-லிருந்தே ஆதாரம் சேர்ந்துவருகிறது. அந்தப் பொருள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதமாக இருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. திறக்கும் புரதங்கள் போதுமான அளவு சேர்வதுதான் முக்கியம் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் சேர்ந்து போட்டிபோடுகின்றன என்பது என் அபிப்பிராயம். இதை அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அம்மா கொடுத்தது எல்லாச் செல்லுக்கும் சமமாகப் பங்கானால் ஆயிரம் செல்லும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அங்கேதான் 'எந்தப் பக்கம்' என்பது வருகிறது. இதற்குத் தவளையை மிஞ்சிய உதாரணம் இல்லை. தவளை முட்டையின் மேல்பாதி கருப்பு, கீழ்பாதி வெளிர். கீழ்ப்பக்கத்தில் வெக்டி என்ற மரபணுவின் ஆர்என்ஏ போன்றவற்றை அம்மா முன்பே ஒதுக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்துச் செல்கள் பின்னால் குடலாவதற்கு அது ஒரு காரணம். ஆனால் எது முதுகு, எது வயிறு என்று முட்டையில் முடிவாகவில்லை. விந்து மேல்பாதியில் ஏதோ ஒரு இடத்தில் நுழைகிறது. அதன்பின் முட்டையின் வெளித்தோல் பகுதி உள்ளிருக்கும் பொருளின் மேல் சுமார் 30 டிகிரி நகர்கிறது. முதல் செல் பிரிவதற்கு முன்பே இது முடிந்துவிடும். அந்த நகர்வில், அடியில் இருந்த சில பொருள்கள் விந்து நுழைந்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துச் செல்லப்படுகின்றன. அந்தப் பக்கத்தில் பீட்டா கேட்டெனின் என்ற புரதம் சிதையாமல் தங்கி உட்கருவுக்குள் போகிறது. மரபணுக்கள் திறக்கும் நேரம் வரும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் தனிக் கூட்டம் மரபணுக்கள் திறக்கின்றன. அதுதான் முதுகுப்பக்கம்.

இதை உறுதிப்படுத்திய சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். முட்டையின் அடியில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அந்த 30 டிகிரி நகர்வு நடக்காது. வளர்வது முதுகோ தலையோ இல்லாத ஒரு வயிற்று உருண்டை. டிஎன்ஏவில் கோளாறு ஒன்றுமில்லை, ஆனால் கண் இல்லை, மூளை இல்லை. அதே கதிர் பட்ட முட்டையைச் சாய்த்து வைத்தால் என்ன ஆகும் என்று 1980-ல் ஷார்ஃப், கெர்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உள்ளிருக்கும் கனமான கருவுணவு புவியீர்ப்பில் சரிந்து, நின்றுபோன நகர்வின் வேலையைத் தானே செய்துவிட்டது. தலையும் கண்ணும் உள்ள தலைப்பிரட்டை வந்தது. மரபணுவைத் தொடவில்லை. முட்டையைச் சாய்த்தார்கள், அவ்வளவுதான். மீனிலும் முதுகுப்பக்கத்தைத் தொடங்கிவைப்பது அம்மா முட்டையில் ஒரு பக்கமாக வைக்கும் பொருளே. ஹுலுவா என்ற அந்த மரபணு 2018-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

பாலூட்டிகளில் இப்படி முன்கூட்டியே பக்கம் பிரித்து வைத்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எலியின் இரண்டு செல் கருவில் ஒன்றை அழித்துவிட்டாலும் மிச்சமுள்ள ஒன்றிலிருந்து முழு எலி வளர முடியும் என்று போலந்தைச் சேர்ந்த டர்கோவ்ஸ்கி 1959-லேயே காட்டினார். அங்கே முதல் வித்தியாசம் இடத்தால் வருகிறது. செல்கள் பெருகும்போது சில வெளியே இருக்கும், சில உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளிச் செல்லுக்கு ஒரு பக்கம் வெறும் திரவம், உள் செல்லுக்கு எல்லாப் பக்கமும் அண்டை. வெளியே இருப்பவற்றில் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் சிடிஎக்ஸ்2 மரபணுவைத் திறக்கிறது, அவை நஞ்சுக்கொடியின் பகுதியாகின்றன. உள்ளே இருப்பவற்றில் அது திறக்காது, அவற்றிலிருந்துதான் குழந்தை. நாலு செல் நிலையிலேயே செல்களுக்குள் லேசான சாய்வு இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் அது சாய்வுதான், மாற்ற முடியாத முடிவு இல்லை என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

முதல் வித்தியாசம் வந்துவிட்டது. இனிமேல் அக்கம்பக்கம் பேசத் தொடங்கும். இந்தப் பேச்சைக் கண்டுபிடித்ததில் ஹில்டே மங்கோல்டின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஹான்ஸ் ஸ்பேமனின் மாணவி. நியூட் என்ற நீர்ப்பல்லி போன்ற உயிரில், வெளிர் நிற இனத்தின் கருவிலிருந்து வருங்கால முதுகுப்பக்கத்தில் ஒரு துணுக்கை வெட்டி, கருநிற இனத்தின் கருவில் வயிற்றுப்பக்கமாக வைத்தார். நோய்க்கிருமியைத் தடுக்க மருந்து இல்லாத காலம், பெரும்பாலான கருக்கள் செத்துப்போயின. தேறிய சிலவற்றில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவது கரு ஒன்று வளர்ந்திருந்தது. நிறத்தைப் பார்த்தால் அதன் நரம்புக் குழாய் பெரும்பாலும் கருநிறச் செல்களால் ஆனது. அதாவது, வயிற்றுத்தோலாக வேண்டிய செல்களை ஒட்டவைத்த துணுக்கு நரம்பாக்கியிருக்கிறது. கட்டுரை 1924-ல் வந்தது. அதே வருடம் சமையலறை அடுப்பு வெடித்த தீயில் ஹில்டே இறந்துபோனார், வயது இருபத்தைந்து. ஸ்பேமனுக்கு 1935-ல் நோபல் கிடைத்தது.

அந்தத் துணுக்கு என்ன சொல்கிறது என்று தெரிய இன்னும் எழுபது வருடம் ஆனது. "மூளையாகு" என்ற கட்டளையைத் தேடித்தான் எல்லோரும் அலைந்தார்கள். கிடைத்தது வேறு. கருவின் மற்றப் பகுதிகள் பிஎம்பி என்ற புரதத்தைச் சுரந்து "தோலாகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. முதுகுப்பக்கத் துணுக்கு கார்டின், நாகின் போன்ற புரதங்களைச் சுரந்து அந்த பிஎம்பியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. தோலாகு என்ற சத்தம் காதில் விழாத செல் தானாகவே நரம்பின் வழியில் போகிறது. தவளைக் கருவின் மேல்பகுதிச் செல்களை ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைத்தாலே அவை நரம்புச் செல்களாகின்றன என்பது இதற்குப் பொருந்திவருகிறது. கோழிக் கருவில் இது மட்டும் போதாது, எஃப்ஜிஎஃப் என்ற வேறு சமிக்ஞையும் முன்பே வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

இப்போது உங்கள் பாக்ஸ்6-ஐப் பின்னோக்கித் தொடரலாம். தவளையில் பாக்ஸ்6 திறப்பது நரம்புத் தகட்டின், அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் செல் பரப்பின், முன்முனையில். அங்கே ஏற்கனவே ஓடிஎக்ஸ்2 போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதற்குக் காரணம், அந்த இடத்தில் பிஎம்பியும் இல்லை, "உடம்பின் பின்பகுதியாகு" என்று சொல்லும் டபிள்யூஎன்டி சமிக்ஞையும் இல்லை. இரண்டையும் அடக்கிவைத்தது ஹில்டே வெட்டி ஒட்டிய துணுக்கில் இருந்த அந்த முதுகுப்பக்கச் செல் கூட்டம். அந்தக் கூட்டம் அங்கே உருவானது பீட்டா கேட்டெனினால். அது அங்கே தங்கியது 30 டிகிரி நகர்வால். நகர்வின் திசையைக் காட்டியது விந்து நுழைந்த இடம். சங்கிலி அங்கே முடிகிறது, முடிவில் இருப்பது மரபணு இல்லை. நான் நேர்கோடாகச் சொன்னாலும் ஒவ்வொரு கண்ணியிலும் பல புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, ஒன்றையொன்று திருப்பியும் பாதிக்கின்றன. பாக்ஸ்6 தனியாளாகக் கண்ணைக் கட்டுவதும் இல்லை. ஆனால் அது குறைந்தால் பாதிப்பு நிச்சயம்: மனிதரில் இரண்டு பிரதியில் ஒன்று கெட்டாலே கண்ணின் ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம், சரியாக உருவாகாது.

'திறப்பது' என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, அது எங்கே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரபணுவுக்கு வெளியே, சில சமயம் வெகு தூரத்தில், என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டுகள் இருக்கின்றன. ஓடிஎக்ஸ்2 போன்ற புரதங்கள் வந்து உட்காருவது அங்கேதான். ஒரே மரபணுவுக்கு மூளைக்கு ஒன்று, கைகாலுக்கு ஒன்று என்று தனித்தனித் துண்டுகள் இருக்கும். சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கைகால் மொட்டில் திறக்கும் துண்டு ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே சிலருக்கு ஆறாவது விரல் வருகிறது. பாம்புகளில் இந்தத் துண்டு சிதைந்துபோயிருக்கிறது. எலியின் துண்டை எடுத்துவிட்டுப் பாம்பின் துண்டை வைத்தபோது பிறந்த எலிகளுக்குக் கைகால் குட்டையாகக் கட்டையாக நின்றுவிட்டது. 2016-ல் இதைக் காட்டினார்கள். ஆனால் பாம்புக்குத் தலையும் இரண்டு கண்ணும் ஒழுங்காகவே இருக்கின்றன, காரணம் தலையில் அதே மரபணுவைத் திறக்கும் துண்டுகள் வேறு. இத்தனை தூரத்திலிருந்து அந்தத் துண்டு மரபணுவை எப்படித் தொடுகிறது என்பதில்தான் இன்றைக்குப் பெரிய விவாதம். டிஎன்ஏ வளைந்து இரண்டும் அருகருகே வருகின்றன என்பது தெரியும். முட்டித்தான் ஆக வேண்டுமா, பக்கத்தில் ஒரு கூட்டமாகச் சேர்ந்தால் போதுமா என்பது முடிவாகவில்லை.

சானிக் ஹெட்ஜ்ஹாக்கை உதாரணமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நரம்புத் தகட்டின் முன்முனையில் முதலில் உருவாவது இரண்டு கண்களுக்கான இடம் இல்லை, நடுவில் அகலமாக ஒரே இடம். அதன் அடியில் இருக்கும் திசு சானிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரந்து, நடுவில் மட்டும் பாக்ஸ்6-ஐ மூடுகிறது. நடு அடங்கியதும் ஓரங்கள் இரண்டு கண்ணாகின்றன. அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் 1950-களில், ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறப்பது ஏன் என்று தேடிப்போனார்கள். தாய் ஆடுகள் சினையின் பதினாலாவது நாள் வாக்கில் வெராட்ரம் என்ற காட்டுச் செடியைத் தின்றிருந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குப் பின்னால் சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் சானிக் ஹெட்ஜ்ஹாக் இல்லாத எலிக் கருக்களிலும் அதே ஒற்றைக் கண் தெரிந்தது. சைக்ளோபமின் அந்தச் சமிக்ஞையைத்தான் தடுக்கிறது என்று 1998-ல் உறுதியானது. அந்தக் குட்டிகளின் எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ முழுசாக இருந்தது, பாக்ஸ்6-உம் இருந்தது. நடுவில் இருந்த சில செல்களுக்கு, அந்த ஒன்றிரண்டு நாளில், கீழேயிருந்து வர வேண்டிய சொல் காதில் விழவில்லை.